இல்லாத இடங்களுக்கு வழி

ஜூலை 3, திங்கள்

என் சர்வர் மென்பொருளின் நான்காம் பதிப்பு காலையில் ஏறிவிட்டது. அழைப்பு அறையில் ஒருவருக்கும் ஒரு சிணுங்கலும் தெரியவில்லை. தெரியாமல் ஏற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம். ஆனால் தெரியாத வேலைக்கு யார் பாராட்டப் போகிறார்கள்? அதனால் நானே எழுதி வைத்துக்கொள்கிறேன்: ஹெர்மீன், பிரமாதம்.

நேற்று அம்மா ந்தோலே கீரையைக் கிளறிக்கொண்டே கேட்டாள், ஆம்புலன்ஸ் கம்பெனியில் நீ வண்டியும் ஓட்டுவதில்லை, ஊசியும் போடுவதில்லை, பிறகு என்னதான் கிழிக்கிறாய் என்று. பொறுமையாகச் சொன்னேன். யாரோ போன் செய்து இன்ன இடம் என்கிறார். அழைப்பு அறைப் பெண் அந்த இடத்தின் பெயரைத் திரையில் அடிக்கிறாள். திரைக்கு ஒன்றும் தெரியாது, அது என் சர்வரைக் கேட்கும். சர்வர் டேட்டாபேஸில் துழாவி, இடம் இது, பக்கத்தில் நிற்கும் வண்டி இது, படுக்கை காலியாக இருக்கும் கிளினிக் இது என்று பதில் சொல்லும். ஓட்டுநரின் போனும் அதைத்தான் கேட்கும். அம்மா கரண்டியை நிறுத்தி, "அப்போ எல்லாரும் உன்னையத்தான் கேக்குறாங்கன்னு சொல்லு" என்றாள். ஆமாம் அம்மா, என்னைத்தான்.

இந்தப் பதிப்பில் என்ன புதிது? முன்பு ஒரு அழைப்புக்குத் திரை மூன்று முறை கேட்க வேண்டும். இப்போது ஒரே கேள்வி, ஒரே பதில். மழையில் நெட்வொர்க் முனகும்போது இதன் அருமை தெரியும்.

இன்னொன்று ரொஸ்தான் செய்தது. ரொஸ்தான் என் பக்கத்து மேசை. இந்த சர்வரில் கை வைக்க என்னைத் தவிர அனுமதி உள்ள ஒரே ஆள். மோட்டார் பைக்கில் ஆட்களை அனுப்பி ஊரில் உள்ள இடங்களை எல்லாம் சரிபார்க்க வைத்தான். போய்ப் பார்த்துக் காணாத இடத்துக்கு 'இல்லை' என்று குறி. குறி விழுந்தது தேடலில் வராது. பட்டியல் பாதியாக இளைத்து, தேடல் பறக்கிறது. அவன் மொத்தமாக அழித்துவிடலாம் என்றான். என் டேட்டாபேஸில் எதையும் அழிக்க விடமாட்டேன், வேண்டுமானால் மறைத்துக்கொள் என்றேன். "உங்களுக்குக் குப்பை மேலயும் பாசம் அக்கா" என்று சிரித்தான்.

ஜூலை 6, வியாழன்

நாள் முழுக்க மழை. சர்வர் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

ஜூலை 20, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் மனம் அடங்கும்.

மதியம் ஒருவர் போன் செய்தார். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, தண்ணீர் உடைந்துவிட்டது. எங்கே என்றால், "சவப்பெட்டிக் கடை முக்கு, எல்லாருக்கும் தெரியும்" என்றார். அழைப்பு அறையில் புதிதாகச் சேர்ந்த பெண் 'சவப்பெட்டிக் கடை' என்று அடித்தாள். சர்வர் ஒரே ஒரு விடை காட்டியது, ஊரின் இன்னொரு மூலையில், மக்கேபேயில். வண்டி போனது. கடைக்காரர் மரத்தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து, ஆம்புலன்ஸைப் பார்த்துவிட்டு, அளவு என்ன என்று கேட்டிருக்கிறார்.

அந்த மனிதர் சொன்னது பெபாண்டா சவப்பெட்டிக் கடை. அந்தக் கடை மூடிப் பத்து வருடம் இருக்கும். இப்போது அங்கே ஒரு மதுக்கடை. ஆனால் அந்த முக்குக்குப் பெயர் இன்றுவரை சவப்பெட்டிக் கடைதான். ரொஸ்தானின் ஆள் போய்ப் பார்த்தான், கடை இல்லை, 'இல்லை' என்று குறி போட்டான். சரியாகத்தான் போட்டான்.

வண்டி திரும்பி வந்து சேர்வதற்குள் பிள்ளை மதுக்கடை மேசையில் பிறந்தது, பியர் பெட்டிகளுக்கு நடுவில். கடைக்காரியும் பக்கத்துவீட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டார்கள். தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. கிளினிக் சேரும்போது நாடி பிடிபடவில்லையாம். இப்போது இருக்கிறாள். இருக்கிறாள் என்று மூன்று முறை போன் செய்து கேட்டுவிட்டேன்.

என்ன பண்ணி வெச்சிருக்கோம்? வேகம் வேகம்னு பறந்தேனே — தப்பான இடத்துக்கு வேகமாப் போறதுல என்ன பெருமை?

ஜூலை 21, வெள்ளி

கணவர் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். நம் முதலாளி அரிஸ்தீத்தின் அறையில் உட்கார்ந்து தொப்பியைத் திருகிக்கொண்டே என்னிடம், "மேடம், எங்க தெருவுல பிறந்து வளர்ந்தவங்க எல்லாருமே அந்த முக்கை அப்படித்தான் சொல்வோம். உங்க மெஷின் எந்த ஊர்க்காரங்க செஞ்சது?" என்று கேட்டார்.

அரிஸ்தீத் என்னைப் பார்த்தார். நான் செய்தது என்றேன். பெபாண்டாவில் படித்தவள், இந்தத் துவாலாவை விட்டு ஆறு மாதம் சேர்ந்தாற்போல் வெளியே போகாதவள்.

பிறகு டாக்டர் எக்வாலா போன் செய்தார். நமக்கு வேலை கொடுக்கும் ஐந்து கிளினிக்குகளுக்கும் அவர்தான் தலைவர். வெளிநாட்டிலிருந்து, அபிஜான் என்ற ஊரிலிருந்து ஒரு கம்பெனி வந்திருக்கிறதாம். வீட்டுக்கு வீடு ஒரு குறியீடு எழுதுவார்கள். போன் செய்பவர் கதவில் உள்ள எழுத்துகளைப் படித்தால் போதும், வண்டி வாசலில் நிற்கும். செப்டம்பரில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்போம், எது தேறுகிறதோ அது என்றார். தேறாததை அணைத்துவிடுவோம்.

என் சர்வரை அணைப்பார்களாம்.

ஜூலை 24, திங்கள்

ரொஸ்தான் இரண்டு நாளாகத் தலை தூக்கவில்லை. தப்பு அவன் தலையில் மட்டும் விடிந்துவிடக் கூடாது. ஒப்புதல் கொடுத்தது நான்.

ஒன்று மட்டும் கேட்டேன். "உன் வீட்டுக்கு எப்படி வழி சொல்லுவ?"

"பழைய தண்ணி டாங்குக்குப் பின்னாடி, ரெண்டாவது..." பாதியில் நிறுத்திவிட்டான்.

டாங்கை எப்போது இடித்தார்கள் என்று கேட்டேன். அவன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதாம். அந்த டாங்குக்கும் அவனே 'இல்லை' என்று குறி போட்டிருக்கிறான். அவன் வீட்டுக்கே ஆம்புலன்ஸ் வராது.

இருவரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அரிஸ்தீத் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், தினமும் இல்லாத மரம், இல்லாத சினிமாக் கொட்டகை, இல்லாத பெட்ரோல் பங்க் எல்லாம் சொல்லித்தான் வழி காட்டி வீடு போய்ச் சேர்கிறோம். அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், இல்லாதது எதற்கு என்று துடைத்துப் போட்டிருக்கிறோம்.

ஜூலை 26, புதன்

பழைய அழைப்புகளைத் திரட்டிப் பார்த்தேன். ஜனங்கள் சொன்ன இடங்களில் பாதிக்கு மேல் இப்போது இல்லாதவை. நாம் மறைத்தது குப்பை இல்லை, ஊரின் பாதி விலாசம்.

நல்லவேளை, எதுவும் அழியவில்லை. ஒரு வரிசைகூட. இதற்காகவாவது என்னை நான் மெச்சிக்கொள்ளலாம், ஹெர்மீனுக்கு இன்று வேறு யாரும் இல்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

குறிகளை உடனே நீக்கிவிடலாம் என்றான் ரொஸ்தான். நீக்கினால் ஜூன் மாதத்துக்குத் திரும்புவோம், அவ்வளவுதான். ஜூனிலும் இந்தக் கோளாறு அரைகுறையாக இருந்ததுதானே. அழைப்பு அறைப் பெண்கள் ஊர் தெரிந்தவர்கள் என்பதால் சமாளித்தார்கள். இன்றைக்குக் குறியை நீக்கினோம். ஆனால் அதோடு விடப் போவதில்லை.

ஐந்தாம் பதிப்பு. யோசித்தது இது: ஒரு இடத்துக்கு உண்டு, இல்லை என்று இரண்டு நிலை போதாது. அதற்கு ஆயுள் வேண்டும். 'முதல்', 'வரை' என்று இரண்டு நெடுவரிசை. சவப்பெட்டிக் கடை இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை. வரை வந்தாலும் பெயர் வேலை செய்துகொண்டே இருக்கும்.

ரொஸ்தான் இந்தப் பகுதிக்குக் கல்லறை என்று பெயர் வைத்தான். திட்டினேன். செத்ததா அது? ஊரிலேயே அதிகம் உழைக்கிற இடங்கள் அவைதான்.

ஆகஸ்ட் 7, திங்கள்

இன்று புதுத் தலைவலி. ஒதில் அத்தையின் மீன் அடுப்பு.

ஒதில் அத்தை முதலில் நியூபெல்லில் மீன் சுட்டாள். கொழுந்தனோடு சண்டை, அடுப்பைத் தூக்கிக்கொண்டு லொக்பெசு போய்விட்டாள். இப்போது லொக்பெசுவில் இருப்பதும் ஒதில் அத்தை அடுப்பு, நியூபெல்லில் இல்லாததும் ஒதில் அத்தை அடுப்பு. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் சொன்னால் நியூபெல், சின்னப் பிள்ளைகள் சொன்னால் லொக்பெசு. நடுவில் ஊரே கிடக்கிறது. போன் செய்பவரின் வயதையா கேட்க முடியும்?

ஒரே விடையைக் காட்டினால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? புதுப் பெண்ணை மாட்ட வைத்தது அதுதான். சர்வருக்குச் சந்தேகம் என்றால் அது சந்தேகத்தைச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 10, வியாழன்

வந்துவிட்டது. சாப்பிடும்போது வந்தது, மரவள்ளிப் பொபொலோவை அது சுற்றியிருந்த இலையோடு கடித்துவிட்டேன்.

சர்வர் பதில் மட்டும் சொல்ல வேண்டும் என்று யார் சொன்னது? அது கேள்வியும் கேட்கலாம். ஒதில் அத்தை என்று அடித்தால் இரண்டு இடத்தையும் கொடுத்து, கூடவே ஒரு கேள்வி: "மார்க்கெட் பக்கமா, பள்ளிக்கூடம் பக்கமா?" ஒரு வார்த்தையில் பதில் வரும். அந்தக் கேள்வி இடத்தோடு சேர்ந்தே டேட்டாபேஸில் இருக்கும்.

என் வாழ்க்கையில் எழுதியதிலேயே அழகான பதில் வடிவம் இதுதான். அடக்கமாகச் சொல்ல வரவில்லை, இருக்கட்டும்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அழைப்பு அறைக்குப் பொறுப்பு மா பெர்பெத்யூ. குரல் கதவு தாண்டி வரும். அவரிடம் துள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மகளே, வயித்த வலியில ஒருத்தி உருண்டுக்கிட்டு இருக்கா, புருஷன் போன்ல அழுவுறான். நான் அவன்கிட்ட வினாடி வினா நடத்தணுமா? நீ பிள்ள பெத்ததில்லல்ல, அதான்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்தேன், நல்ல பதில் இல்லை.

ஆகஸ்ட் 12, சனி

நான் பெறவில்லை, சரி. அதற்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்? வருத்தமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. அவர் சொன்னது சரியாகவும் இருக்கிறது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை, ஊரே தேவாலயத்தில். நான் சுவரில் ஊர் வரைபடத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு ஒதில் அத்தைக்கும் வண்டி கிளம்பும் இடத்திலிருந்து கோடு போட்டுப் பார்த்தேன். பாதி வழி இரண்டுக்கும் ஒன்றே. பிறகுதான் பிரிகிறது.

அப்படியென்றால் வண்டி எதற்கு நிற்க வேண்டும்? பெயரைக் கேட்டதும் கிளம்பட்டும், பிரியும் இடம்வரை. அதற்குள் கேள்விக்கு விடை வந்துவிடும். சர்வர் இனி மூன்று சொல்லும்: உடனே போக வேண்டிய இடம், கேட்க வேண்டிய கேள்வி, விடைக்கு ஏற்ற முடிவு.

ஆகஸ்ட் 17, வியாழன்

மா பெர்பெத்யூவிடம் மறுபடி போனேன். இந்த முறை துள்ளவில்லை. வண்டி முதலிலேயே கிளம்பிவிடும் என்று சொன்னதும், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிரியும் இடத்துக்கு, அதுவரை எதையும் கேட்காமல் கிளம்பு என்ற அர்த்தத்தில், அவரே 'கிளம்பு புள்ளி' என்று பெயர் வைத்தார். பிறகு பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு வாய் நீண்டுவிட்டது, மனதில் வைக்காதே என்றார். வைத்திருந்தேன். இப்போது இல்லை.

கேள்விகளை எழுதுவதை அழைப்பு அறைப் பெண்களே எடுத்துக்கொண்டார்கள். சிலது அச்சில் ஏற்ற முடியாதவை. ஒரு முக்குக்கு "புருஷன் ஓடிப்போனவ வீடா, பொண்டாட்டி ஓடிப்போனவன் வீடா" என்று இருந்தது. ஊருக்கே புரியும் என்று வாதாடினார்கள். வேறு கேள்வி போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இடங்கள் அட்டவணையில் புது நெடுவரிசைகள் ஏறின. பூசை நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன், அப்போது அழைப்பு குறைவு. வெறுமையாகச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, கடைசியில்தான் தேடல் அட்டவணையை மாற்றினேன். நடுவில் ஒருமுறை எல்லாத் திரையும் உறைந்தது. மா பெர்பெத்யூவின் குரல் கேட்டது. நான் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அதுவாகவே இளகியது.

பழைய போன் வைத்திருக்கும் ஓட்டுநர்கள் இன்னும் மூன்றாம் பதிப்பில்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கேள்வி, கிளம்பு புள்ளி எதுவும் புரியாது. பழைய வாசலை மூடாமல் வைத்திருக்கிறேன். அதில் வருபவர்களுக்குப் பழைய வடிவத்திலேயே பதில். ஒருவருடைய போனும் நிற்கவில்லை. இதற்கெல்லாம் யாரும் மேளம் அடிக்கமாட்டார்கள். டம் டம். நான் அடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

'பழைய இருட்டுச் சந்து' என்று ஒரு அழைப்பு. விளக்கு போட்டு எட்டு வருடம் ஆகிறது. வண்டி நேராகப் போய் நின்றது. ஆஸ்துமாக்காரக் கிழவர், பிழைத்தார். ஓட்டுநர் கேட்டாராம், விளக்கு வந்த பிறகும் ஏன் இருட்டுச் சந்து என்று. வெளிச்சச் சந்து என்றால் யாருக்குத் தெரியும் என்றாராம் கிழவர்.

செப்டம்பர் 11, திங்கள்

போட்டி தொடங்கியது. குறியீட்டுக் கம்பெனி ஆட்கள் பெபாண்டா முழுக்கக் கதவுக்குக் கதவு எழுதினார்கள். பெரிய எழுத்து, அழகான கையெழுத்து, நல்ல சிவப்புப் பெயின்ட்.

சிவப்பு.

நானும் ரொஸ்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாயைத் திறக்கவில்லை. இந்த ஊரில் சுவரில் சிவப்பில் எதையாவது எழுதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அரசாங்கம் வீட்டை இடிக்க வரப்போகிறது.

செப்டம்பர் 12, செவ்வாய்

இரவோடு இரவாக ஒரு தெரு முழுக்கத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். மண்ணெண்ணெயும் சோப்பும். ஒரு வீட்டில் மட்டும் கழுவாமல் பக்கத்து வீட்டுக் கதவோடு மாற்றி மாட்டியிருக்கிறார்களாம், இடிப்பதானால் அங்கே போய் இடிக்கட்டும் என்று.

அவர்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருக்கலாம். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

செப்டம்பர் 14, வியாழன்

ரொஸ்தான் போய்ச் சொல்லிவிட்டான், நீலத்தில் எழுதுங்கள் என்று. எனக்குச் சொல்லாமல். ஏனடா என்றால், "எவளாவது பிள்ள பெறுறப்போ அவங்க வண்டி தப்பாப் போனா, அது நம்ம வண்டி போன மாதிரிதானே அக்கா" என்றான்.

செப்டம்பர் 22, வெள்ளி

போட்டி முடிந்தது. அக்வாவிலும் பொனாபிரிசோவிலும், மதில் சுவரும் காவலாளியும் உள்ள வீடுகளில், அவர்கள் குறியீடு நன்றாகவே வேலை செய்தது. ஒத்துக்கொள்கிறேன். பெபாண்டா, நியூபெல், மக்கேபே எல்லாம் நாம்தான். பதறிப்போனவர் ஒருவர்கூடக் கதவுக்கு ஓடிப் போய் எழுத்தைப் படித்துச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்கள். வாயில் வந்தது எல்லாம் என் அட்டவணையில் இருந்தது.

ஒரு வண்டிகூடத் தவறவில்லை. ஒன்றுகூட.

செப்டம்பர் 29, வெள்ளி

அவர்களுக்குத்தான் கொடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 2, திங்கள்

டாக்டர் எக்வாலா நேரிலேயே வந்து சொன்னார், அந்த மரியாதைக்குக் குறைவில்லை. பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் குறியீடு புரிகிறது, ஒதில் அத்தை புரியவில்லை. அறிக்கையில் எழுத முடியவில்லையாம். நம் கம்பெனி வண்டி ஓட்டும், அழைப்பு எடுக்கும்; மென்பொருள் மட்டும் அவர்களுடையது. வேலை யாருக்கும் போகாது. அக்டோபர் 31 அன்று என் சர்வரை நிறுத்த வேண்டும்.

அரிஸ்தீத் என் கண்ணைப் பார்க்கவில்லை. பிறகு மேசைக்கு வந்து, "நீ செஞ்சதை நான் ஊர் ஊரா சொல்லுவேன், ஹெர்மீன்" என்றார். சொல்லி என்ன ஆகப்போகுது முதலாளி? அணைச்சிட்டா அணைச்சதுதானே.

வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன். பைக் டாக்ஸிக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு மெதுவாக ஓட்டினான்.

அக்டோபர் 9, திங்கள்

புது மென்பொருள் இன்று முதல். அழைப்பு அறைத் திரைகள் பளபளவென்று இருக்கின்றன.

அக்டோபர் 12, வியாழன்

வேடிக்கை. நம் சர்வருக்குக் கேள்விகள் குறையவே இல்லை. போன வாரம் வந்த அளவு இன்றும். யார் கேட்கிறார்கள்? அழைப்பு அறைக்குப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பளபளத் திரைக்குப் பக்கத்திலும் என் பழைய திரை, சின்னதாக, ஓரத்தில். பெயரை என்னுடையதில் அடித்து, வரும் இடத்தைப் பார்த்து, அவர்களுடையதில் ஏற்றுகிறார்கள்.

மா பெர்பெத்யூவிடம், 31-ஆம் தேதி நிறுத்த வேண்டும், பழக்கத்தை விடுங்கள் என்றேன்.

"நிறுத்து. நிறுத்துற அன்னைக்கு நான் லீவு. எங்க பொண்ணுங்களும் லீவு. டாக்டரே வந்து போன் எடுக்கட்டும்."

சாதாரணமாகத்தான் சொன்னார், பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டே.

அக்டோபர் 16, திங்கள்

அபிஜானிலிருந்து போன். குறியீட்டுக் கம்பெனியின் இன்ஜினியர், நாஃபிஸ்ஸாத்து என்ற பெண். சண்டைக்குத் தயாராக எடுத்தேன். துவாலா ஆபரேட்டர்கள் இடத்தை எப்படி இவ்வளவு சரியாகப் போடுகிறார்கள் என்று தேடிக்கொண்டே வந்தாளாம், அந்த வழி என் சர்வரில் முடிந்ததாம்.

பதில் வடிவத்தைப் பார்த்தேன் என்றாள். கேள்வியோடு வருவதைப் பார்த்தேன். பிறகு சொன்னாள்: "நாங்களும் இப்படித்தான் அக்கா வழி சொல்லுவோம். முதல் வருஷமே மீட்டிங்ல சொன்னேன், சிரிச்சாங்க. நீங்க செஞ்சே காட்டிட்டீங்க."

எனக்கு அவளை வெறுக்கத்தான் ஆசை. முடியவில்லை.

அவள் கேட்டது: எங்கள் மென்பொருளே உங்கள் சர்வரை நேரடியாகக் கேட்கலாமா? குறியீடு தெரிந்தால் குறியீடு, தெரியாவிட்டால் நீங்கள்.

அக்டோபர் 24, செவ்வாய்

அவள் எப்படியோ அவர்கள் முதலாளிகளைச் சரிக்கட்டிவிட்டாள். அவர்கள் எக்வாலாவிடம் பேசினார்கள். எக்வாலா அரிஸ்தீத்தைக் கூப்பிட்டு, அந்தப் பழைய சர்வரை அணைத்துவிட்டீர்களா என்று பதற்றமாகக் கேட்டாராம். அரிஸ்தீத் ஒரு நிமிடம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டுத்தான் இல்லை என்றாராம். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கிறது.

அக்டோபர் 27, வெள்ளி

வெளியாருக்கென்று முதல் அனுமதிச் சாவி கொடுத்தேன். இதுவரை என் சர்வரைக் கேள்வி கேட்க அனுமதி என்ற விஷயமே இல்லை, எல்லாரும் வீட்டு ஆட்கள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினோம்: யார் கேட்கிறார்கள், ஒரு நிமிடத்தில் எத்தனை கேட்கலாம், போன் செய்தவரின் பெயர் வெளியே போகக் கூடாது. ரொஸ்தான் தான் எழுதியதைத் தானே இரண்டு முறை சரிபார்த்தான். ஒன்றும் மறைக்கவில்லையே என்று என்னிடம் ஒருமுறை காட்டிக் கேட்டான்.

அக்டோபர் 31, செவ்வாய்

எதையும் நிறுத்தவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

மழை விட்டது. அவர்கள் பக்கமிருந்து இன்று ஒரே நாளில் வந்த கேள்விகள் நம் அழைப்பு அறை ஒரு வாரத்தில் கேட்பதைவிட அதிகம். சர்வர் தாங்கியது. என் சர்வர். எத்தனை முறை எழுதினாலும் சலிக்கவில்லை.

நவம்பர் 8, புதன்

காலையில் நாஃபிஸ்ஸாத்து ஒரு இடத்தை அனுப்பினாள், பயந்து பயந்து, இது உங்கள் அட்டவணையில் ஏறுமா பாருங்கள் என்று. 'ரொட்டிக் கடை முக்கு', யோபூகோன், அபிஜானில் அவள் வளர்ந்த பகுதி. முதல்: தெரியாது. வரை: அவள் பள்ளிக்கூடத்தில் படித்த வருடம். கேள்வி: "சுவர் பச்சையா இருந்த பக்கமா, மாமரம் இருந்த பக்கமா?" சுவரும் இப்போது இல்லையாம், மரமும் இல்லையாம்.

ஏறவில்லை. ஏன் என்று பார்த்தால், இடம் என்றால் துவாலா என்று நான் முதல் நாளிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு ஊர் ஒன்று இருக்கக்கூடும் என்று தோன்றியதே இல்லை. ரொஸ்தானைக் கூப்பிட்டேன். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மதியத்துக்குள் முடித்து ஏற்றிவிட்டோம். அழைப்பு அறையில் ஒருவருக்கும் தெரியாது.

மாற்றக் குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்:

இடங்கள் அட்டவணையில் 'நகரம்' சேர்க்கப்பட்டது. இருக்கும் வரிசைகள் அனைத்தும் துவாலா. ஒன்று மட்டும் அபிஜான்.